பாலத்தில் நின்ற பத்து நிமிடம்

அக்கா,

இன்று மத்தியானம் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தேன். உள்ளே துடைக்கும்போது இன்ஜின் மூடியில் கை நின்றுவிட்டது. என் சீட்டுக்கும் உன் சீட்டுக்கும் நடுவே பெட்டி போல உட்கார்ந்திருக்குமே, அதுதான். அதன் கறுப்பு ரெக்சின் உன் பக்கத்தில் ஓர் இடத்தில் மட்டும் வழவழவென்று தேய்ந்து வெளுத்திருக்கிறது. உள்ளங்கை அகலம்தான் இருக்கும். உன் வலது முட்டி இருந்த இடம். மூக்கைக் கிட்டே கொண்டுபோனால் மீன் வாடையும் நீ தடவிக்கொள்ளும் தைலத்தின் வாடையும் இன்னும் லேசாக வருகிறது. அந்த இடத்துக்கு மட்டும் சோப்புப் போடாமல் விட்டுவிட்டேன்.

பதினான்கு வருடம் அந்த முட்டி அங்கேதான் இருந்தது. விடியற்காலையில் உங்கள் குப்பத்து மணலோரம் வண்டியை நிறுத்துவேன். நான்கு பெண்களின் மீன் பெட்டிகளும் ஐஸும் பின்னால் ஏறும். மற்ற மூன்று பேரும் பஸ்ஸில் வந்துவிடுவார்கள். பெட்டிகளுக்குக் காவல் என்று சொல்லி நீ மட்டும் முன்னால் ஏறிக்கொள்வாய். சோழிங்கநல்லூர், மேடவாக்கம், சேலையூர் என்று வந்து, கிழக்குத் தாம்பரத்தில் ரயில்வே மேம்பாலம் ஏறி இறங்கினால் மார்க்கெட். "முட்டி வலிக்கு இந்த சூடுதாண்டா மருந்து" என்று மூடியோடு காலை ஒட்டி வைத்துக்கொள்வாய். மருந்து உனக்கு மட்டுமில்லை, வண்டிக்கும்தான் என்பது போகப் போகத்தான் எனக்குப் புரிந்தது.

இன்ஜினில் ஏதாவது கோளாறு வந்தால் என் காதுக்கு முன்னால் உன் முட்டிக்குத் தெரிந்துவிடும். "தாசு, வண்டி இன்னிக்கு இருமிகினு கீது." "தாசு, இந்தப் பக்கம் மட்டும் குதிக்குது, கீழ எதுனா ரப்பர் கிழிஞ்சி பூட்சா பாரு." போய்ப் பார்த்தால் இன்ஜினைத் தாங்குகிற ரப்பர் கிழிந்திருக்கும். ஸ்பேனரின் எந்த முனையைப் பிடிப்பது என்றுகூட உனக்குத் தெரியாது. ஆனால் எப்போது நடுங்குகிறது, எப்போது நிற்கிறது, எந்த மேட்டில் மூச்சு வாங்குகிறது என்று எல்லாவற்றையும் கவனித்து மனதில் வைத்துக்கொள்வாய். வஞ்சிரத்தின் செவுளைத் தூக்கிப் பார்த்து அது எப்போது பிடித்தது என்று சொல்கிற கண் அது.

என்னைப் பயந்தாங்கொள்ளி என்று நீ மார்க்கெட் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாய். உண்மைதான். பின்னால் கட்டிய கயிறு சரியாக இருக்கிறதா என்று ஒரே பயணத்தில் மூன்று தடவை இறங்கிப் பார்ப்பவன் நான். "கயிறு எங்கியும் ஓடிப் பூடாது, வண்டிய எடுடா. ஐஸு உருகுது" என்று கத்துவாய். கயிற்றுக்கும் டயருக்கும் பிரேக்குக்கும் பயந்த நான், பயப்பட வேண்டிய ஒன்றுக்குப் பயப்படாமல் விட்டுவிட்டேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

பொங்கல் முடிந்த இரண்டாம் வாரம், சேலையூர் தாண்டும்போது நீ மார்பைப் பிடித்துக்கொண்டாய். "மாரு அடைக்குது தாசு" என்றாய். உன் மகள் கலாவுக்குப் போன் போட்டு, மார்க்கெட்டுக்கு வந்து பெட்டிகளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாய். ஆஸ்பத்திரி பாலத்துக்கு அந்தப் பக்கம். ஐந்து நிமிட ஓட்டம். பாலம் ஏறும்போது வண்டி தொய்ந்தது. மூன்றாவது கியர், இரண்டாவது கியர், முதல் கியர் என்று இறக்கிக்கொண்டே வந்தேன். ஒன்பதாவது விளக்குக் கம்பத்துக்கு நேராக இன்ஜின் அணைந்துவிட்டது. கை காட்டினேன், எந்த வண்டியும் நிற்கவில்லை. டீசல் ஏறவில்லை என்று தெரிந்து மூடியைத் தூக்கினேன். தூக்குவதற்கு வசதியாக நீயே முட்டியை நகர்த்திக்கொண்டாய். உள்ளே இருக்கும் கைப்பம்பை அடித்தேன், அடித்தேன், அடித்துக்கொண்டே இருந்தேன். மறுபடி இன்ஜின் பிடிக்கப் பத்து நிமிடம் ஆனது. ஆஸ்பத்திரி வாசலில் உன்னைக் கூப்பிட்டபோது நீ பதில் சொல்லவில்லை.

ஓடி வந்த உன் மகளிடம் நான் இரண்டு பொய் சொன்னேன். "பாலத்துல செம டிராபிக் கலா" என்றேன். "அம்மா மயக்கத்துலயே இருந்தாங்க, ஒண்ணும் பேசல" என்றேன். இரண்டாவது பொய் முதல் பொய்க்கு முட்டுக் கொடுக்க வந்தது. நீ பேசியதைச் சொன்னால் வண்டி நின்றதையும் சொல்லியாக வேண்டுமே.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே கலா உன் கூடையைத் தூக்கிக்கொண்டு வந்து வண்டியில் ஏறிவிட்டாள். கம்பெனி வேலையை விட்டுவிட்டாளாம். நான் எதிர்பார்க்கவே இல்லை அக்கா. உன் சீட்டில்தான் உட்கார்ந்தாள். ஆனால் இன்ஜின் மூடியிலிருந்து தள்ளி, கதவோரமாக ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அதிகம் பேசமாட்டாள். மார்க்கெட் வாசலில் இட்லிப் பொட்டலம் வாங்கிக் கொடுத்தால் மறுக்காமல் வாங்கிக்கொள்வாள். "ஏன் மாமா தினமும்?" என்று ஒருநாள் கேட்டாள். "சும்மாதான், சாப்பிடு" என்று சொல்லிவிட்டுக் கயிறு அவிழ்க்கப் போய்விட்டேன்.

வண்டியோ மோசமாகிக்கொண்டே போனது. காலையில் ஸ்டார்ட் செய்தால் ஜுரம் கண்ட ஆள் மாதிரி உடம்பெல்லாம் நடுங்கும். கண்ணாடி கடகடவென்று ஆடும். வெள்ளைப் புகை வரும். ஐந்து நிமிடம் ஆக்சிலேட்டரை மிதித்துப் பிடித்திருந்தால்தான் ஒரு நிலைக்கு வரும். அப்புறம் சமதளத்தில் ஒழுங்காக ஓடும். மேடு வந்தால் இழுக்காது. தினமும் பாலம் ஏறும்போது நான் விளக்குக் கம்பங்களை எண்ணுவேன். ஆறு, ஏழு, எட்டு. ஒன்பது தாண்டும்வரை மூச்சு விடமாட்டேன். பக்கத்தில் உன் மகள். அதே சீட். மறுபடியும் அதே கம்பத்தில் நின்றுவிட்டால் என்ன செய்வேன்? ஸ்டியரிங்கில் கை வழுக்கும் அளவுக்கு வேர்க்கும்.

திருநீர்மலை அடிவாரத்தில் மெக்கானிக் ஷெட் வைத்திருக்கும் சேகர் உனக்குத் தெரியுமே. எப்போதும் வெற்றிலை போட்டுக்கொண்டு பாதி வார்த்தையை விழுங்குவானே, அவன்தான். அவனிடம் கொண்டுபோனேன். டீசல் பில்டர் மாற்றினான். ஏர் பில்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு அதையும் மாற்றினான். ஒரு வாரம் நன்றாக ஓடியது. அப்புறம் பழையபடி நடுக்கம். இன்ஜினுக்குள் டீசலைத் தெளிக்கும் நாசில்களைக் கழற்றித் திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் கொடுத்துச் சோதித்து வாங்கிவந்தான். நான்கும் நன்றாகத் தெளிக்கின்றன என்றார்கள். திரும்ப மாட்டினோம். ஐந்து நாள் ஒழுங்கு, ஆறாம் நாள் மறுபடி நடுக்கம்.

"கம்ப்ரஷன் பூட்சுண்ணா. இன்ஜின இறக்கணும்" என்றான் சேகர். இன்ஜினுக்குள் இருக்கும் அந்த அழுத்தத்தை அளந்தும் பார்த்தான். அளந்துவிட்டுத் தலையைச் சொறிந்தான். "வயசுக்கு இது நல்லாத்தான் கீது. இன்னாண்ணா இது, நம்மாண்ட வரும்போது நல்லா ஓடுது, நீ எட்த்துகினு போனா பேஜார் பண்ணுது?"

அவன் சொன்னதில் ஒரு விஷயம் இருந்தது. அப்போது எனக்கு உறைக்கவில்லை. சேகர் ஷெட்டுக்குப் போகும்போதெல்லாம், வழியில் நின்றுவிடக்கூடாதே என்கிற பயத்தில், முந்தின நாளே டேங்க்கை விளிம்புவரை நிரப்பிக்கொண்டு போவேன். என் பயமே நோயை மறைத்து வைத்திருக்கிறது, பார்த்தாயா? டாக்டரிடம் போகும்முன் வலி மாத்திரை போட்டுக்கொண்டு போகிறவன் மாதிரி.

சித்திரை பிறந்தது. காலை ஐந்து மணிக்கே புழுங்குகிற வெயில்காலத்திலும் வண்டி நடுங்கியது. அன்றுதான் நான் சொல்லிவைத்த காரணம் பொய் என்று தெரிந்தது. ஏனென்றால் மார்கழியில் நீ முதன்முதலில் இதைச் சொன்னபோது நான் என்ன சொன்னேன்? "பனிக்கா. தை பொறந்தா சரியாப் பூடும்" என்றேன். நீ என்னை ஒரு மாதிரி பார்த்தாய். "டீசல் போட்ட அன்னிக்கு நல்லா ஓடுது. பாதிக்குக் கீழ எறங்குனாத்தான் ஆடுது. பனிக்கு டீசல் அளவு தெரியுமாடா?" என்று கேட்டாய். நான் சிரித்துவிட்டேன்.

ஆனால் நீ ஓயாமல் கேட்ட இன்னொரு கேள்வியை மறந்தேபோயிருந்தேன். ஞாபகப்படுத்தியது கலாதான், அவளுக்கே தெரியாமல். இரண்டு வாரம் முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை மார்க்கெட்டில் கூடையைத் தலையில் ஏற்றுவதற்காக உன் சும்மாட்டுத் துணியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். நீ வைத்திருந்ததேதான், உன் வீட்டுக்காரரின் நீலக் கட்டம் போட்ட பழைய கைலி. சுற்றிப் பார்த்தாள், அவிழ்த்தாள், மறுபடி சுற்றினாள்.

"எத்தினி வாட்டி சுத்துனாலும் ஒரு சுத்து கொறையுது மாமா. அம்மா எப்டித்தான் இத்த வச்சிகினு தூக்கிச்சோ" என்றாள்.

அந்தத் துணியின் ஓரம் பல்லால் கடித்துக் கிழித்த ஓரம். அதைப் பார்த்ததும்தான் எனக்கு எல்லாம் ஞாபகம் வந்தது.

ஐப்பசி அடைமழை ஞாபகம் இருக்கிறதா? பெரும்பாக்கம் ஏரியோரம் ரோட்டில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. வழக்கம்போல் கயிறு பார்க்க இறங்கியவன், டீசல் டேங்க்கின் வாய் திறந்து கிடப்பதைப் பார்த்தேன். மூடியைப் பெட்ரோல் பங்க்கிலேயே பம்பு மேல் வைத்துவிட்டு வந்திருக்கிறேன். கயிற்றை மூன்று தடவை பார்க்கிறவன் மூடியை ஒரு தடவை பார்க்கவில்லை. மழைத் தண்ணீர் உள்ளே போனால் இன்ஜின் வீண். நான் கையால் பொத்திக்கொண்டு நின்றேன். நீதான் சும்மாட்டை அவிழ்த்து, கடித்து, ஒரு முழம் கிழித்துக் கொடுத்தாய். "இந்தா, இத்த வச்சி அட" என்றாய். திணித்தவன் நான்தான்.

மறுநாள் புது மூடி வாங்கி மாட்டப் போனபோது வாயில் துணி இல்லை. ரோட்டில் எங்காவது விழுந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு மூடியை மாட்டினேன். நினைத்துக்கொண்டேன், அவ்வளவுதான். உள்ளே பார்க்கவில்லை.

"துணி இன்னா ஆச்சு?" என்று ஏறியதும் கேட்டாய்.

"வுழுந்துட்ச்சிக்கா."

"வுழுந்தத பாத்தியா?"

"பாக்கல. எங்கனா ரோட்ல வுழுந்திருக்கும்."

நான்கு நாள் கழித்து மறுபடி கேட்டாய். கார்த்திகையில் ஒரு தடவை. மார்கழியில் வண்டி நடுங்க ஆரம்பித்ததும் வாரம் ஒரு தடவை. "அந்தத் துணி இன்னா ஆச்சு தாசு?" எனக்குச் சங்கடமாகிவிட்டது. செத்துப்போன புருஷன் கைலி, அதில் ஒரு முழத்தைத் தொலைத்துவிட்டோம், மனசு கேட்காமல் கேட்டுக்கொண்டிருக்கிறாய் என்று நினைத்தேன். கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டுக்குத் துணி எடுத்தபோது உனக்கும் ஒரு நல்ல துண்டு எடுத்துக் கொண்டுவந்து கொடுத்தேன். நீ பிரித்துப் பார்த்தாய். தடவிப் பார்த்தாய். "துண்டு நல்லாத்தான் கீது. நான் இத்தியா கேட்டேன்?" என்றாய். அதற்குள் மார்க்கெட் வந்துவிட்டது, இறங்கிப் போய்விட்டாய். என்னதான் கேட்டாய் என்று நான் திருப்பிக் கேட்கவில்லை. அந்தத் துண்டைச் சும்மாடாகவும் நீ வைக்கவில்லை. குளிர் என்று கழுத்தில் சுற்றிக்கொண்டாய், எனக்காக.

சனிக்கிழமை மத்தியானம் சேகரிடம் போய், "டேங்க்க எறக்கு" என்றேன். அவன் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சிரித்தான். "டேங்க்கா? ஓட்ட கீட்ட கீதா?" என்றான். "எறக்குடா" என்று கத்திவிட்டேன். யாரிடமும் குரல் உயர்த்தாதவன் கத்தியதும் அவன் பேசாமல் ஸ்பேனரை எடுத்தான்.

டீசலை வடித்தோம். பெல்ட்டை அவிழ்த்து டேங்க்கைத் தரையில் வைத்தோம். ஒன்றும் தெரியவில்லை. இருட்டு. சேகர் கம்பியை வளைத்து உள்ளே விட்டுத் துழாவினான். முதலில் சேறு மாதிரி ஏதோ வந்தது. அப்புறம் கம்பி கனத்தது. இழுத்தான். கறுப்பாக, வழவழவென்று, செத்த விலாங்கு மாதிரி நீளமாக வெளியே வந்து விழுந்தது. டீசலில் அலசியதும் நீலக் கட்டம் தெரிந்தது.

சேகர் குந்தி உட்கார்ந்து எனக்கு விளக்கினான். டீசல் நிறைய இருந்தால் துணி எங்காவது அலைந்துகொண்டிருக்கும். அளவு குறையக் குறைய உறிஞ்சு குழாயின் வாய்க்குக் கிட்டே வரும். மேடு ஏறும்போது இன்ஜின் அதிகமாக உறிஞ்சும், துணி போய் வாயை அடைத்துக்கொள்ளும். டீசல் கிடைக்காமல் வண்டி தொய்யும், அணையும். நின்றதும் துணி விலகிக்கொள்ளும். அதனால் எப்போது பார்த்தாலும் குற்றம் தெரியாது. "அடைச்ச வாயால இழுக்க சொல்லோ பழைய ஹோஸ் ஜாயின்ட் வழியா காத்த உறிஞ்சுது. ராத்திரி நின்னா காத்து மேல ஏறிக்குது, டீசல் கீழ எறங்கிக்குது. அதான் காலைல அந்த நடுக்கம். ரெண்டும் ஒரே வியாதிண்ணா. யார்ணா உள்ள துணிய போட்டது?"

நான் குனிந்து அந்தத் துணியை மறுபடி அலசினேன். உனக்கு இதெல்லாம் தெரிந்திருக்காது. உறிஞ்சு குழாய் என்ற பெயரே தெரிந்திருக்காது. துணி விழுந்ததை யாரும் பார்க்கவில்லை, டீசல் குறைந்தால் வண்டி ஆடுகிறது. இந்த இரண்டு மட்டும்தான் உனக்குத் தெரியும். அந்த இரண்டையும் என் கையில் திரும்பத் திரும்பக் கொடுத்துக்கொண்டே இருந்தாய். நான் துண்டு வாங்கிக் கொடுத்தேன்.

அந்த ஹோஸ் குழாயையும் மாற்றினோம். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகவில்லை. கால் டேங்க் டீசல் மட்டும் வைத்துக்கொண்டு, பின்னால் மணல் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு, தனியாகப் பாலம் ஏறினேன். காலையில் ஒரே தட்டில் ஸ்டார்ட் ஆனது. நடுக்கம் இல்லை. இன்ஜின் மூடிமேல் வைத்திருந்த தண்ணீர் பாட்டிலில் அலைகூட எழவில்லை. ஏழாவது கம்பம், எட்டாவது கம்பம். மூன்றாவது கியரிலேயே ஒன்பதைத் தாண்டியது. சந்தோஷப்பட வேண்டியவன் பாலத்திலிருந்து இறங்கியதும் ஓரமாக நிறுத்திவிட்டு அழுதேன். அதுவரை எனக்கு ஒரு சாக்கு இருந்தது அக்கா. வயதான வண்டி, என்ன செய்ய முடியும் என்று. இப்போது அந்தச் சாக்கும் இல்லை. துணியைத் திணித்தது என் கை. உள்ளே பார்க்காமல் மூடியதும் என் கை.

திங்கட்கிழமை குப்பத்தில் பெட்டிகள் ஏறிக்கொண்டிருந்தன. இரவு முழுக்க மனதில் ஒத்திகை பார்த்த பேச்சையெல்லாம் விட்டுவிட்டேன். கலா சீட்டில் ஏறி உட்கார்ந்ததும், துவைத்துக் காயவைத்துப் பையில் வைத்திருந்த துணியை எடுத்து அவள் மடியில் வைத்தேன். அவள் பிரித்துப் பார்த்தாள். தன் சும்மாட்டுத் துணியின் ஓரத்தோடு சேர்த்துப் பார்த்தாள். பல்லின் தடம் பொருந்தியது.

"டேங்க்குக்குள்ள இருந்திச்சு" என்றேன். "அன்னிக்குப் பாலத்துல டிராபிக் இல்ல கலா. வண்டி நின்னுடுச்சு. இதாலதான். நான்தான் போட்டேன்."

அவள் துணியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"தெரியும் மாமா."

எனக்குப் புரியவில்லை.

"அம்மா போனைக் கட் பண்ணவே இல்ல. மடியில வச்சிகினு இருந்திச்சு போல. வண்டி ஆஃப் ஆனது கேட்டுது. நீ பம்ப் அடிச்சது கேட்டுது. மாதாவே மாதாவேன்னு நீ அழுதது கேட்டுது. நான் பஸ்ல நின்னுகினு கேட்டுகினே வந்தேன்."

மூன்று மாதம், அக்கா. மூன்று மாதம் என் பக்கத்தில் உட்கார்ந்து, நான் கம்பம் எண்ணுவதைப் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறாள்.

"ஏன் கேக்கல?"

"நான் கேட்டு நீ சொன்னா, அது நீ சொன்னதா ஆவாது." துணியின் ஓரத்தை நீவிக்கொண்டே, "டாக்டரக் கேட்டேன். பத்து நிமிஷம் முன்னாடி வந்திருந்தா பொழச்சிருக்குமான்னு. சொல்ல முடியாதுன்னுட்டாரு" என்றாள். அதை எனக்கு ஆறுதலாகவும் சொல்லவில்லை, குத்திக்காட்டவும் சொல்லவில்லை. அவளிடம் இருந்ததை எடுத்து என் முன்னால் வைத்தாள், அவ்வளவுதான்.

அப்புறம்தான் முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தாள். "அம்மா பேசிகினு இருந்திச்சு மாமா. அது மயக்கத்துல இல்ல. பம்ப் சத்தத்துலயும் பின்னாடி வந்தவங்க ஆரன் சத்தத்துலயும் எனக்கு ஒண்ணுமே புரியல. அது மட்டும் சொல்லு. இன்னா சொல்லிச்சு?"

என் பயத்தைக் காப்பாற்றிக்கொள்ள அந்தப் பெண்ணிடமிருந்து எதை மறைத்து வைத்திருந்தேன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தது அக்கா. உன் கடைசிப் பேச்சு, அவளுக்குச் சேர வேண்டியது, மூன்று மாதம் என்னிடம் கிடந்தது.

சொன்னேன். ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். "பதறாதடா தாசு, மெதுவா அடி, கைய ஒடிச்சிக்காத" என்றாய். அப்புறம் கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, "அந்தப் பொண்ணு காலைல ஒண்ணும் துன்னாம ஓடி வரும். மார்க்கெட்டாண்ட ரெண்டு இட்லி வாங்கிக் குடு" என்றாய். அதற்கப்புறம் இன்ஜின் பிடித்துவிட்டது. நான் ரோட்டைப் பார்க்க ஆரம்பித்துவிட்டேன்.

ஐஸ் பெட்டியிலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

"அதான் தினமும் இட்லியா?" என்றாள்.

நான் தலையாட்டினேன். அவள் துணியை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். உன்னை எடுத்துக்கொண்டு போன அன்றுகூட அவள் அப்படி அழுது நான் பார்க்கவில்லை. டீசல் வாடை கண்ணை எரிக்கும், எடு என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. கடைசியில் அவளே கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வண்டிய எடு மாமா. ஐஸு உருகுது" என்றாள். உன் குரல்தான்.

அவள் என்னை மன்னித்துவிட்டாள் என்று எழுதிவிட ஆசையாக இருக்கிறது. அப்படி அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மறுநாளும் வந்து ஏறினாள். இன்றும் ஏறினாள். கதவோரம்தான் உட்காருகிறாள். மூடியின் பக்கம் முட்டி வருவதில்லை. அது உன் இடம் என்று விட்டு வைத்திருக்கிறாளோ, சூடு பிடிக்கவில்லையோ, தெரியவில்லை. இனி தெரியாததைத் தெரிந்த மாதிரி நினைத்துக்கொள்ள எனக்குத் துணிச்சல் இல்லை.

என் பயம் போகவில்லை அக்கா. பாலத்தில் இன்னும் எண்ணுகிறேன். ஒன்பதாவது கம்பத்தில் இன்னும் உள்ளங்கை வேர்க்கிறது. அந்தப் பத்து நிமிடம் என்னோடுதான் இருக்கும், அதை யாரும் வாங்கிக்கொள்ள முடியாது. ஒரு மாற்றம் மட்டும். இப்போதெல்லாம் காலையில் ஸ்டார்ட் செய்ததும் எட்டி மூடியின் உன் பக்கத்தில், அந்தத் தேய்ந்த இடத்தில், கையை வைத்துப் பார்க்கிறேன். கலா "மாமா, எதுனா சத்தம் வருதா?" என்று கேட்டால், உடனே பதில் சொல்வதில்லை. வண்டியை ஓரம் கட்டிவிட்டு, "நீ இன்னா கேட்ட, மறுபடி சொல்லு" என்கிறேன்.

அன்றைக்கு உன்னிடம் கேட்டிருக்க வேண்டியது அதுதான். நீ எத்தனை தடவை கேட்டாய், நான் ஒரு தடவையும் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை.

துணி கிடைத்துவிட்டது அக்கா. உள்ளேதான் இருந்தது.

தாசு